எந்தச் சின்னையன்

மரத்திலிருந்து விழுந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று சின்னையன் கிடக்கிறார் என்கிற சேதி, மேட்டுப்பதியில் கடைசியாகச் சின்னையன் காதுக்குத்தான் வந்தது.

அப்போது அவர் தோப்பில், மடையோரம் மண்வெட்டியைக் கிடத்தி அதன் காம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஆழியாற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. தன் முறை வரும்போது பக்கத்துத் தோப்புக் கிட்டுச்சாமி மடையைத் திருப்பிவிடுவான் என்று அவருக்குச் சந்தேகம். கிட்டுச்சாமி ஒருநாளும் திருப்பியதில்லை. திருப்பாததுதான் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

இடுப்பிலிருந்த பட்டன் போன் கத்தியது. பையன்கள் இரண்டு பேரும் விசாவில் போன நாளிலிருந்து, போன் கத்தினாலே எண்ணைப் பார்க்காமல் எடுத்துவிடுவார். காதில் வைத்தால் ஒப்பாரி. கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்த தங்கை மருதாத்தாள்.

"அய்யோ எங்கண்ணா... என்னைத் தூக்கி வளத்த சாமீ... இந்த வயசுல மரமேறச் சொல்லி உன்னை எவண்ணா கேட்டான்..."

"ஏ மருதா, ஆருக்குப் புள்ளே ஒப்பாரி வெக்கறே?"

அந்தப் பக்கம் சத்தம் பட்டென்று நின்றது. "ஆரு பேசறது?"

"உன்ற அண்ணன்தான். என்ற போனை வேற எவன் எடுப்பான்?"

"நீ உழுகலையா?"

"எதுலிருந்து?"

"மரத்துலிருந்து."

"கட்டல்லருந்து எறங்கறதே எனக்குப் பெரும்பாடு. மரத்துல ஏற நான் என்ன அணிலா? எவ சொன்னா உனக்கு?"

"பஸ் ஸ்டாண்டு பூக்காரி சொன்னாண்ணா. அவகிட்டயே மாலைக்கும் சொல்லிப்போட்டனே, இப்ப என்ன பண்ண?"

"வாங்கி உன்ற கழுத்துல போட்டுக்கோ. நல்லாத்தான் இருக்கும்."

போனை அணைத்து வேட்டியில் சொருகிய பிறகு, சிரிப்பு வரவில்லை. எவனோ ஒருவன் நம் சாவைப் பற்றி ஊரில் பேசியிருக்கிறான். சும்மா பேசுவானா? கிட்டுச்சாமி தோப்புப் பக்கம் ஒரு முறை முறைத்துப் பார்த்தார்.

அதற்குள் வரப்பில் ஒரு பைக் வந்து நின்றது. தேங்காய் வெட்டுக் கூட்டத்து மேஸ்திரி தங்கதுரை. சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அந்த வேலை பிடிக்காமல் கீழே இறங்கி வந்தவன். வண்டியை நிறுத்தியவன், இறங்காமல், சின்னையனின் முகத்தைப் பார்க்காமல், அவர் காலைப் பார்த்தான்.

"என்னடா, கால் தரையில படுதான்னு பாக்கறியா?"

"ஐயா... விழுந்துட்டீகன்னு சொன்னாகளே. அலவி பாய் கடையில கூட்டமா நின்னு பேசுறாக. ஆசுபத்திரியில சேத்துருக்குன்னு..."

"எந்த ஆசுபத்திரியாம்?"

"பேரு வாயில நொழையல ஐயா. என்னமோ அரபுப் பேரு மாதிரி சொன்னாக."

சின்னையன் எழுந்துவிட்டார். சித்தூர் ஆசுபத்திரி, பாலக்காட்டு ஆசுபத்திரி எல்லாம் வாயில் நுழைகிற பேர்தானே. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போனால் என்ன என்று, பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார்.

வண்டி மேட்டுப்பதி ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த அரபுப் பேர் அவர் நினைப்பைப் பையன்கள் பக்கம் இழுத்தது.

பெரியவன் தனபால், சின்னவன் மோகனசுந்தரம். சின்ன வயசிலேயே தாயைப் பறிகொடுத்த பையன்கள். தென்னையில் வெள்ளை ஈ விழுந்து, அதன் பின்னால் வண்டு விழுந்து, பாதித் தோப்பு மொட்டையாக நின்றபோது, மரமேறக் கூலிக்கு ஆளும் கிடைக்காமல், இரண்டு பேரும் தாங்களே ஏறிப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சேதி எப்படியோ பாலக்காட்டு ஏஜென்ட் ஜோபிக்குப் போய்ச் சேர்ந்தது. சவுதியில் பேரீச்சம்பழம் பறிக்க மரமேறத் தெரிந்த ஆள் வேண்டுமாம். சீசன் விசாவாம்.

"சீசன் தீர்ந்தா விசா தீர்ந்து, சேட்டா. விசா தீர்ந்தா ஆளு நேரே வீட்டுல," என்றான் ஜோபி, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக.

"மாடு வாங்க வர்ற யாவாரியும் நல்லாப் பாத்துக்குவேன்னு சொல்லித்தான் ஓட்டிக்கிட்டுப் போறான்," என்றார் சின்னையன். "போனதுக்குப் பொறவு எந்த மாடு வந்து சொல்லியிருக்குது?"

ஒறம்பரைச் சொந்தமெல்லாம் சிரித்தது. தோப்புக்காரன் பசங்க அடுத்தவன் மரத்துல ஏறவா கடல் தாண்டறாங்க என்று கேட்டது. பையன்கள் கேட்கவில்லை. போய் இறங்கின அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று தனபால் போனில் சொன்னபோது, சின்னையன் அதற்கு மேல் வேறு எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை பேசும்போதும் அவர் சொல்வது ஒரே சொல்தான்: "தேதிக்கு வந்து சேருங்கடா."

அலவியின் மாட்டுத்தீவனக் கடைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பைக்கிலிருந்து சின்னையன் இறங்குவதைப் பார்த்து ஒருவன் பீடியைக் கீழே போட்டான். இன்னொருவன் சிரித்தான்.

"ஏனுங்க பாய், நான் செத்துப்போனேன்னு உங்க கடையில தமுக்கடிக்கறீங்களாமா?"

அலவி தவிட்டு மூட்டை மேலிருந்து எழுந்தார். சின்னையனை உயிரோடு பார்த்ததில் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான். அப்புறம் அந்த முகத்தில் வேறு என்னவோ வந்தது. சின்னையன் அதைப் பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்க சின்னையண்ணா. உக்காருங்க மொதல்ல."

"உக்கார வரலை. எவன் கெளப்புனான் இதை?"

கடைக்குப் பின்கட்டு வாசலில் அலவியின் சம்சாரம் ஐசும்மா தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். "நாந்தான் அண்ணே. எங்க இர்பான் போன்ல பேசி அனுப்பினான். நம்மூரு சின்னையன்னு சொன்னானா, நான் உங்களைத்தான்னு நெனச்சுப்போட்டேன். இங்க நடந்தது அங்க இருக்கற பையனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஆச்சரியப்பட்டுக்கிட்டேதான் பக்கத்து ஊட்டுல சொன்னேன்."

இர்பான் அலவியின் தங்கை மகன். சவுதியில் லாரி ஓட்டுகிறான்.

"வெச்சுக் காட்டு," என்றார் அலவி. ஐசும்மா போனை அழுத்தினாள். லாரி இரைச்சலுக்கு நடுவில் பையனின் குரல் வந்தது.

"மாமீ, நம்மூரு சின்னையன் மரத்துலருந்து விழுந்துட்டாரு. கயிறு அறுந்துடுச்சாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. மோசமாத்தான் இருக்குதாம். அவங்க வீட்டுல மெதுவாச் சொல்லுங்க."

"இவன் இருக்கறது சவுதியில," என்றார் சின்னையன். "நான் நிக்கறது இங்க. நான் உழுந்தா இவனுக்கு எப்படி..."

அவர் கண் ஐசும்மா கையிலிருந்த போனுக்குப் போனது.

ஜோபி காகிதம் எழுதிய நாள் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. "வீட்டுப்பேரு எந்தா?" என்று கேட்டான் ஜோபி. மலையாளத்துக்காரர்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் உண்டு. அது ஆளின் பேரோடு ஒட்டிக்கொண்டு போகும். "எங்கூட்டுக்கு எதுக்குய்யா பேரு? ஓடிப்போனாக் கூப்புடறதுக்கா?" என்றார் இவர். சரி, அப்பன் பேரைப் பின்னால் போடலாம் என்றான் அவன். "பின்னாலயா? எங்க சனத்துல அப்பன் முன்னாலதான் நிப்பான். பள்ளிக்கொடத்துலயும் ரேஷன் கார்டுலயும் சி. தனபால்தான், சி. மோகனசுந்தரம்தான்." அப்படியே ஆயிற்று. பெரியவன் சின்னையன் தனபால். சின்னவன் சின்னையன் மோகனசுந்தரம்.

போய் ஒரு வாரத்தில் மோகன் போனில் சிரித்தான். "இங்க மொதப் பேரு எதுவோ அதுதானுங்கப்பா பேரு. எங்க ரண்டு பேரையுமே சின்னையன், சின்னையன்னுதான் கூப்புடறாங்க. உங்களையே வேலை வாங்கற மாதிரி இருக்குது." அன்றைக்கு இவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. கடல் தாண்டி நம்ம பேரு ஒலிக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனது.

சின்னையன் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். கடைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள்.

"எந்தச் சின்னையன்?" என்றார். "கேளுங்க பாய். எந்தச் சின்னையன்னு கேளுங்க."

அலவி கூப்பிட்டார். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இர்பானே கூப்பிட்டான். அலவி போனைச் சத்தமாக வைத்தார்.

"ரண்டு சின்னையன் இருக்காங்களா மாமா? எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும்."

"அண்ணனும் தம்பியும்டா. ஒரே தோட்டத்துலதானே இருந்தாங்க?"

"அரபி ஆளுகளைப் பிரிச்சு ரண்டு மூணு தோட்டத்துக்கு அனுப்பிட்டான் மாமா. நான் ஒருத்தரைத்தான் பாத்தேன், பழப்பெட்டி ஏத்தப் போனப்ப. விழுந்தது அவரா இன்னொருத்தரான்னு எனக்குத் தெரியாது. பெங்காலி டிரைவர் ஒருத்தன்தான் சொன்னான், உங்க ஊரு சின்னையன்னு."

"நீ பாத்த ஆளு எப்படி இருந்தான்?" என்று சின்னையன் குறுக்கே கத்தினார்.

"ஒசரமா, ஒல்லியா, தாடியோட. ஏனுங்க, ஏனுங்கன்னு பேசுவாரு."

"ரண்டு பேரும் ஒசரம்தான்டா. ரண்டு பேரும் ஏனுங்கன்னுதான்டா பேசுவானுக!"

"ஐயா, நான் சரக்கு எறக்கிப்போட்டு ஆசுபத்திரிக்கே போய்ப் பாத்துடறேன். ஒடம்புல எதாவது அடையாளம் இருந்தாச் சொல்லுங்க. முகத்துல கட்டுக் கிட்டுப் போட்டிருந்தா எனக்குத் தெரியாது பாருங்க."

அடையாளம். சின்னையன் யோசித்தார். தோப்பில் எந்த மரத்தில் எந்தப் பக்கம் காயம் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பெற்ற பையன்கள் உடம்பில் என்ன இருக்கிறது? குளிப்பாட்டி விட்டதெல்லாம், உயிரோடு இருந்தவரைக்கும், அவர்கள் ஆத்தா. அவர் ஏசினார், சோறு போட்டார், வேலை சொன்னார். சட்டையைக் கழற்றிப் பார்த்ததில்லை.

"தெரியலை," என்றார்.

"அவங்க வீட்டுக்காரிகளுக்குத் தெரியுமில்லீங்களா ஐயா? அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்றான் இர்பான்.

தங்கதுரைதான் திரும்பவும் கொண்டுவந்து விட்டான். வாசலுக்குச் சற்றுத் தள்ளியே இறங்கிக்கொண்டார். வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. மருமகள்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். பெரியவள் கௌசிகா கையில் உப்பும் வரமிளகாயும். சின்னவள் மௌனிகா, போன தை மாசத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். மருதாத்தாள் இங்கேயும் போன் போட்டிருந்தாள்.

"வாங்க மாமா, வாங்க. செத்து முழிச்ச மாமா," என்றாள் கௌசிகா. "அப்படியே கெழக்க பாத்து நில்லுங்க. எத்தனை கண்ணு பட்டுச்சோ. உங்களுக்குக்கூடக் கண்ணு வெக்கறதுக்கு ஊர்ல ஆளு இருக்குது பாருங்க."

"அம்மிணி, வேண்டாம்..."

"பேசாம நில்லுங்க மாமா." அவள் தலையைச் சுற்றினாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கையை நீட்டினாள். "துப்புங்க."

சின்னையன் துப்பப் பார்த்தார். வாயில் ஈரமில்லை. உதட்டைக் குவித்து ஊதினார்.

"பாருக்கா, மாமா பயந்துட்டாரு," என்றாள் மௌனிகா. "தானே செத்துப்போயிட்டம்னு நம்பிட்டாரு போல."

கௌசிகா அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள். மிளகாய் நெடி வரவில்லை. அவ்வளவு கண்ணு என்றாள். சின்னையன் வாசல்படியில் உட்கார்ந்தார். எப்படிக் கேட்பது? வளைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"அம்மிணி... தனபாலு ஒடம்புல மச்சம், தழும்பு, அந்த மாதிரி எதாச்சும் இருக்குதா?"

கௌசிகா முகம் சிவந்தது. "இதென்னங்க மாமா, கேக்கற கேள்வி?" மௌனிகா தூணுக்குப் பின்னால் போய்க் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மோகனுக்கு?" என்றார் அவர்.

தூணுக்குப் பின்னால் சிரிப்பு நின்றது. கௌசிகா அவரையே பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. அவர் முகத்தைப் பார்த்தாள், துணியில் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா. சேதி எங்கிருந்து வந்துது?"

சின்னையன் வேட்டியிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"அலவி பாய் ஊட்டுலிருந்து வந்துதுன்னுதானே கொழிஞ்சாம்பாறை அத்தை சொன்னாங்க. அவிய ஊட்டுப் பையன் சவுதியிலதான இருக்கான்?" அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. "அங்க அவியளை உங்க பேரைச் சொல்லித்தான மாமா கூப்புடறாங்க."

மௌனிகா தூணைவிட்டு வெளியே வந்தாள். "ஆரைக்கா? ஆரைக் கூப்புடறாங்க?"

"ரண்டு பேரையும்தான்," என்றாள் கௌசிகா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடினார்கள், தங்கள் தங்கள் போனுக்கு. இருவர் காதிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. மறுபடியும் போட்டார்கள். அடுத்த தடவை மௌனிகாவின் போனில் மணியே அடிக்கவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் போலப் படபடவென்று சொன்னாள்:

"அவிய ரொம்ப ஒசரமெல்லாம் ஏறமாட்டாங்க மாமா. எங்கிட்டயே சொன்னாங்க. கீழ நின்னு பழக்குலை வாங்கறதுதான் அவியளுக்கு வேலையாம். மேல ஏறுறதெல்லாம் அவிய அண்ணன், மச்சாண்டாருதானாம்..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌசிகா அவளைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடது கால் சுண்டுவெரல்ல நகம் இருக்காதுங்க மாமா," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டே. "கல்யாணத்துக்கு முன்னால பாளை வெட்டுறப்ப அருவா பட்டது."

"மௌனி, உன்ற புருசனுக்கு என்ன அடையாளம், சொல்லு கண்ணு."

"முதுகுல," என்றாள் மௌனிகா. அழுகையில் வார்த்தை உடைந்தது. "வலது தோளுக்குக் கீழ. மச்சம். பெரிசா."

சின்னையன் போனில் அலவிக்கு இரண்டையும் சொன்னார். நகம் இல்லாவிட்டால் பெரியவன். மச்சம் இருந்தால் சின்னவன். சொல்லும்போதே அவருக்கு உடம்பு கூசியது. சந்தையில் மாட்டைத் தடவிப் பார்த்து வாங்குவதுபோல.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோனது. யாரும் இறக்கவில்லை. சேதி கேட்டுவிட்டுக் கிட்டுச்சாமி வந்தான். வாசலில் நின்றபடியே, "என்ன மச்சான், எமன் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டானாமா? நீ அங்கயும் மடைச் சண்டை போட்டிருப்பே," என்று சிரித்தான். உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் செருப்பைக் கழற்றாமல் திண்டாடினான். "உன்ற மடையைக் கட்டிப்போட்டுத்தான் வந்தேன். தண்ணி உன்ற தோப்புக்குத்தான் பாயுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சின்னையன் படியிலேயே இருந்தார். மனசு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லாமல் அதுவாகப் பார்த்தது. பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை இருக்கிறது. சின்னவனுக்குப் பிள்ளை இல்லை. பெரியவன்தான் தோப்புக் காரியம் தெரிந்தவன். சின்னவன் விளையாட்டுப் பிள்ளை. ஆனால் சின்னவன்தான் தன்னோடு உட்கார்ந்து சோறு தின்பான், கேலி பேசுவான். பெரியவன் கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால்...

எப்படிப் பார்த்தால்? பட்ட மரங்களில் எதை முதலில் வெட்டுவது என்று கோடாலியோடு நிற்கிற மாதிரி அல்லவா நின்றுகொண்டிருக்கிறோம்! சின்னையன் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு மருமகள்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். காலையில் ஒரே தட்டில் கடலை உரித்தவர்கள். இப்போது ஒருத்தி உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டும், இன்னொருத்தி தூணைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். நடுவில் கடக்க முடியாத ஏதோ கிடந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு போன் அடித்தது. மருமகள்களின் போன் இரண்டும் கையில் கிடக்க, அடித்தது சின்னையனின் பட்டன் போன். நீளமான எண். வெளிநாட்டு எண்.

எடுத்தார். இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு குரல். "அப்பா... நாந்தானுங்க..."

அண்ணனுக்கும் தம்பிக்கும் போனில் ஒரே குரல்தான். எப்போதும் அவர் குழம்புவார். எப்போதும் அவர்கள் சிரிப்பார்கள்.

"நாந்தான்னா எவன்டா?" என்று கத்தினார். "பேரைச் சொல்றா!"

"தனபாலுங்கப்பா."

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தன் கண் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கத்துக்காரி விழுந்துவிடுவாள். சின்னையன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"உசுரு இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. முழிச்சுக்கிட்டான். ஆனா இடுப்புக்குக் கீழ ஒணர்வு இல்லீங்கறாங்க. முதுகுல ஆப்பரேசன் பண்ணணுமாம். முழிக்கறப்பெல்லாம் என்னைத்தான் தேடறான். இங்க இருக்கறவங்க பேசறது அவனுக்குப் புரியலை, அவன் பேசறது அவங்களுக்குப் புரியலை. தண்ணி கேட்டாக்கூட..."

கண்ணைத் திறக்காமலே இருக்க முடியாது. திறந்தார். "மௌனி," என்றார். "சாமி... உசுரு இருக்குதாம்."

மௌனிகா தூணோடு சரிந்து உட்கார்ந்தாள். கௌசிகாவிடமிருந்து ஒரு மூச்சு வந்தது, நீளமாக. அதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பாதியிலேயே பிடித்து நிறுத்தினாள். பிறகு ஓடிவந்து மௌனிகாவைப் பிடித்தாள். மௌனிகா அவள் கையை உதறவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அப்பா, இன்னொண்ணு," என்றான் தனபால். இதற்குள் சின்னையன் போனைச் சத்தமாக வைத்திருந்தார், அவன் பேசுவது வாசல் முழுக்கக் கேட்டது. "வெள்ளிக்கெழமையோட எங்க விசா முடியுதுங்க. எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சு. நீ கெளம்பு, உன்ற தம்பியைப் பொறவு அனுப்பி வெக்கறோம்னு அரபி சொல்றான். நான் போகாம நின்னா போலீஸ் புடிச்சு உள்ள போட்டுருமாம். போட்டா எப்ப உடுவாங்கன்னு தெரியாது. மறுபடி வரவும் முடியாது. நான் வரட்டுங்களா, இருக்கட்டுங்களா? நீங்க சொல்லுங்கப்பா."

சீசன் முழுக்க அவர் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தேதிக்கு வந்து சேருங்கடா. இப்போது அந்தச் சொல்லைத் தேடினால் வாயில் இல்லை. பொறவு அனுப்பி வைப்பார்களாம். எவன் அனுப்புவான்? ஒரு சின்னையன் விமானம் ஏறிவிட்டால், சின்னையன் போயாச்சு என்று அங்கே எழுதிவிட மாட்டார்களா? கட்டிலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவன் யார் என்று கேட்டால் எவன் சொல்வான்? நகம் இருக்கிறதா, மச்சம் இருக்கிறதா என்று எவன் புரட்டிப் பார்ப்பான்? பேரைச் சொல்லக்கூட அந்த ஊர்ப் பேச்சு அவனுக்கு வராதே.

ஆனால் இவனையும் உள்ளே போட்டுவிட்டால்? அப்போது இரண்டும் போயிற்று.

கௌசிகாவைப் பார்த்தார். அவள் மௌனிகாவின் பக்கத்தில் முட்டிபோட்டபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் மாமா, இருக்கச் சொல்லிவிடாதீர்கள் என்று அந்த முகம் கெஞ்சியது. கீழே மௌனிகாவும் அவரைத்தான் பார்த்தாள்.

"இரு," என்றார் சின்னையன். "வராதே. அவனை உட்டுப்போட்டு நீ வராதே. புடிச்சாப் புடிக்கட்டும். ஆசுபத்திரியில அவம் பேரை முழுசாச் சொல்லு. மோகனசுந்தரம்னு சொல்லு. சொல்லிக்கிட்டே இரு."

"சரிங்கப்பா," என்றான். "கௌசிகா இருக்குதுங்களா?"

கௌசிகா எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். சின்னையனுக்குப் போனைக் கொடுக்கப் பயமாக இருந்தது. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அவன் கிளம்பி வந்துவிடுவான். அவள் சொல்வதில் தப்பும் இல்லை. கட்டின பெண்டாட்டி. பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, அவன் வெளிநாட்டு ஜெயிலில் கிடக்க, இவள் என்ன செய்வாள்? இருந்தாலும் கொடுத்தார்.

அவள் போனைக் காதில் வைத்தாள். "கௌசி... கௌசி..." என்று அவன் கூப்பிடுவது எல்லோருக்கும் கேட்டது. மௌனிகா தரையிலிருந்து அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள் கௌசிகா கடைசியில். "கூட இருக்கறவங்களுக்கு ஆசுபத்திரியில படுக்க எடம் குடுப்பாங்களா?"

அவள் அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கேட்டு வாங்கிக்குங்க. வெறுந்தரையில படுக்காதீங்க," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் போன் காதோரக் கம்மலில் டக் டக்கென்று இடித்தது. அவள் இன்னொரு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.